கறுப்பை அளந்து கொடுங்கள்: ‘தி க்ரூசிபிள்’ நாடகத்துக்கு உடை, அரங்கம், பொருள்கள், ஒளி – முழுமையான வழிகாட்டி

பியூரிட்டன்கள் என்றதும் மனக்கண்ணில் ஒரு படம் வந்துவிடுகிறது. கன்னங்கரிய உடை, அகன்ற வெள்ளைக் கழுத்துப்பட்டை, முன்புறம் பித்தளைக் கொக்கி வைத்த உயரத் தொப்பி. தொப்பிக் கொக்கி பிற்கால ஓவியர்களின் கற்பனை. மற்றவற்றிலும் பாதி, 1620-இல் ப்ளிமத் கரையில் இறங்கிய தலைமுறையின் உடையை எல்லாக் காலத்துக்கும் நீட்டிவிட்டதால் வந்தது. ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’ நடக்கும் ஆண்டு 1692. இடம், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சேலம் கிராமம். இடையில் எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

தேதிப் பிழையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. முதல் அங்கத்திலேயே எல்லோரையும் கறுப்பில் நிறுத்திவிட்டால், மூன்றாம் அங்கத்தில் நீதிபதி டான்ஃபோர்த் நுழையும்போது பார்வையாளருக்கு எந்த மாற்றமும் தெரியாது. இந்த நாடகத்தில் கறுப்பு அதிகாரத்தின் நிறம். அது நான்கு அங்கங்களில் மெல்ல மெல்ல மேடையைப் பிடிக்க வேண்டும். உடை, அரங்கம், பொருள்கள், ஒளி ஆகிய நான்கையும் இந்த ஒரே எண்ணத்தில் கோத்துவிட்டால், சிறிய குழுவும் குறைந்த செலவில் கச்சிதமாகச் செய்துவிடலாம்.

படி 1: பிரதியைப் பென்சிலோடு படியுங்கள்

முதலில் உரிமை. மில்லர் 2005-இல் காலமானார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு என்பதால், கல்லூரி மேடையானாலும் அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை போடுங்கள்: இடம், பொழுது, வெளிச்சம் வரும் வழி, கையில் எடுக்கும் பொருள். மில்லரின் மேடைக் குறிப்புகள் இதற்குத் தாராளமாக இடம் கொடுக்கின்றன. முதல் அங்கம் பாரிஸ் போதகரின் வீட்டு மாடியறை, வசந்தகாலக் காலை, இடப்பக்கம் ஒடுங்கிய சாளரம். இரண்டாம் அங்கம் எட்டு நாள் கழித்து, ப்ராக்டர் வீட்டின் தாழ்ந்த கூடம், அந்திப்பொழுது, இடப்பக்கம் கணப்பு. மூன்றாவது, தொழுகைக் கூடத்தை ஒட்டிய அறை. இப்போது நீதிமன்றத்தின் முன்னறை. பின்சுவரில் உயரத்தில் இரண்டு சாளரங்கள், பகல் வெயில். நான்காவது, இலையுதிர்காலம், சிறை. கம்பி போட்ட ஒற்றைச் சாளரம். நிலவில் தொடங்கி விடியலில் முடிகிறது.

அட்டவணையைப் பார்த்தாலே ஒன்று புலப்படும். நான்கும் மூடிய அறைகள். வெளிச்சம் எப்போதும் வெளியிலிருந்துதான் வருகிறது. காடும் தூக்குமேடையும் மேடையில் இல்லை, பேச்சில்தான் வருகின்றன. அவற்றைப் படமாகவோ திரைவீச்சாகவோ காட்டும் ஆசையை இந்தப் படியிலேயே கைவிட்டுவிடுங்கள்.

படி 2: எந்த வழி என்று முடிவெடுங்கள்

அந்தக் காலத்தை அப்படியே கட்டுவது ஒரு வழி. 1996-இல் நிகோலஸ் ஹைட்னர் இயக்கிய திரைப்படம் மாசசூசெட்ஸ் கடலோரத்து ஹாக் தீவில் ஊரையே எழுப்பி அதைச் செய்தது. காலத்தை முற்றாக மாற்றுவது இன்னொரு வழி. ஈவோ வான் ஹோவ 2016-இல் பிராட்வேயில் இதை ஒரு பள்ளி வகுப்பறைக்குள் வைத்தார். 2022-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்க வடிவமைப்பாளர் எஸ் டெவ்லின் மேடையின் முன் மழையையே திரையாகப் பெய்ய வைத்தார்.

புதிதாகத் தொடங்குவோருக்கு நான் சொல்வது நடுவழி: உடையும் கைப்பொருள்களும் 1692-க்கு உண்மையாக இருக்கட்டும், அரங்கம் குறைவாக இருக்கட்டும். இதற்கு மில்லரே முன்னோடி. 1953 ஜனவரியில் நியூயார்க்கில் அரங்கேறிய நாடகத்தை, அதே ஆண்டின் நடுப்பகுதியில் அவரே மறுபடி இயக்கியபோது, செட்டை அகற்றிவிட்டுக் கறுப்புத் திரைகளின் முன் வெள்ளை வெளிச்சத்தில் நடத்தினார். நாடகம் அதனால் நலியவில்லை. நடிகரின் உடலுக்கு அருகில் இருப்பவை உண்மையாக இருந்தால், தொலைவில் இருப்பதைப் பார்வையாளர் தாமே கட்டிக்கொள்வார்கள்.

படி 3: உடை

*நிறம்*

தையற்காரரிடம் போவதற்கு முன் நிறத் துண்டுகளை ஒரு அட்டையில் ஒட்டுங்கள். அன்றைய நியூ இங்கிலாந்து மக்கள் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல்களில் சிவப்புப் பாவாடை, நீலம், பச்சை, செம்பழுப்பு எல்லாம் வருகின்றன. 1692 ஜூன் 10-இல் முதலாவதாகத் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப் சிவப்பு மேற்சட்டை அணிந்து வந்ததாகச் சாட்சியங்களே சொல்கின்றன. அவுரி நீலம், வேர்ச்சாயச் சிவப்பு, மரப்பட்டைப் பழுப்பு, மங்கிய பச்சை, கம்பளியின் இயல்பான சாம்பல். ஊருக்கு இந்த நிறங்களைக் கொடுங்கள். பளபளப்பு மட்டும் கூடாது.

நல்ல கறுப்பு அன்று விலை உயர்ந்தது. பலமுறை தோய்த்தால்தான் பிடிக்கும், வெளுத்தால் பழுப்பாகும். போதகரும் நீதிபதியும் வசதியுள்ளவர்களும் அணிந்த நிறம் அது. ஆகவே கறுப்புக்குள்ளேயே படிநிலை வையுங்கள். பாரிஸ் சம்பளத்தையும் விறகுக் காசையும் பற்றி ஓயாமல் குறைப்படுகிறவர். அவருடைய கறுப்பு முழங்கையில் தேய்ந்து செம்பட்டையாகத் தெரியட்டும். வெளியூர்ப் போதகர் ஹேலின் கறுப்பு புதியது, பயணத் தூசி படிந்தது. டான்ஃபோர்த்துடையது ஆழமான, கனமான கறுப்பு. மேடையில் வேறு யாருக்கும் அந்தத் துணியைக் கொடுக்காதீர்கள்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1651-இல் மாசசூசெட்ஸ் பொதுமன்றம் போட்ட விதிப்படி 200 பவுண்டுக்குக் குறைந்த சொத்துள்ளவர்கள் பொன், வெள்ளிச் சரிகையோ பட்டு முக்காடோ அணியக் கூடாது. நிலத்தாசை பிடித்த தாமஸ் புட்னமுக்கும் அவர் மனைவிக்கும் ஒரு விரல் அகலச் சரிகையும் நல்ல பொத்தான்களும் கொடுத்தால் போதும். அந்தக் குடும்பத்தின் தோரணை வசனமில்லாமலே வந்துவிடும்.

*அடுக்குகள்*

பெண்ணுக்கு உள்ளே வெள்ளை உள்ளங்கி, மேலே இறுக்கிய மேற்சட்டை, பாவாடை, தோளில் வெள்ளைத் துண்டு, ஏப்ரன், தலையில் ஒட்டிய வெள்ளைக் குல்லாய். பாவாடை கணுக்கால் வரை போதும். வேலை செய்யும் பெண்கள் தரையைப் பெருக்கிக்கொண்டு நடக்கவில்லை. 44 அங்குல அகலத் துணியில் சராசரி உயரத்துக்கு இரண்டு மீட்டரும் இடுப்புப் பட்டிக்குக் கால் மீட்டரும் கணக்கிடுங்கள். ஆணுக்கு முழங்கால் வரை தொங்கும் வெள்ளைச் சட்டை, முழங்காலில் முடியும் கால்சட்டை, நீண்ட காலுறை, மேலே கையில்லா அங்கி அல்லது நீண்ட கோட்டு. 1690-களில் ஆண்கள் பெரும்பாலும் முகம் மழித்தவர்கள். இதை நினைவில் வையுங்கள்; நான்காம் அங்கத்தில் பயன்படும்.

மூலத்துணி கம்பளியும் லினனும். நம் மேடை வெக்கையில் கம்பளி வேண்டாம். தடித்த கைத்தறிப் பருத்தி அதே போல விழும், அதே போல மடியும். உள்ளுடைக்குக் காடாத் துணி. பாலியெஸ்டரைத் தொடாதீர்கள், விளக்கு பட்டதும் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைக் குல்லாய்களையும் கழுத்துப்பட்டைகளையும் டிகாஷனில் ஒரு முக்கு முக்கி எடுங்கள். அப்படியே விட்டால் விளக்கொளியில் அவை கண்ணைப் பறித்து முகத்தை இருட்டாக்கும்.

கூந்தல் குல்லாய்க்குள் அடங்க வேண்டும். ஒரு நடிகையின் குல்லாய் எப்போது விலகுகிறது, எப்போது ஒரு கற்றை வெளியே விழுகிறது என்பதை இயக்குநரோடு பேசி முடிவெடுங்கள். அபிகெயிலுக்கு அது முதல் அங்கத்தில் தனியறைப் பேச்சில் நேரலாம். நீதிமன்றத்தில் அவள் குல்லாய் அப்பழுக்கில்லாமல் இருக்கட்டும். மூன்றாம் அங்கத்தில் குற்றம் சாட்டும் பெண்பிள்ளைகள் அத்தனை பேரின் குல்லாயும் ஒரே அச்சாக இருந்தால், கூட்டத்தின் பயங்கரம் உடையிலேயே ஏறும்.

கைக்கடிகாரம், நகப்பூச்சு, மூக்குத்தி எல்லாம் கழற்றப்பட வேண்டும் என்பது தெரிந்ததே. திருமண மோதிரத்தையும் கழற்றச் சொல்லுங்கள். பியூரிட்டன்கள் மோதிரம் மாற்றும் சடங்கை ஏற்றுக்கொள்ளவில்லை. ப்ராக்டர் தம்பதி கையில் மோதிரம் மின்னினால் தவறு.

*டிட்யூபா*

இந்தப் பாத்திரத்தை அலங்கரிக்கத் தோன்றும், தோன்றவே விடாதீர்கள். அவர் பாரிஸின் அடிமை. எஜமானர் வீட்டுப் பழைய துணிகள், அளவு பொருந்தாதவை, அவர் மேல் விழுந்திருக்கும். பூப்போட்ட தலைக்கட்டோ மணிமாலைகளோ வேண்டாம். 1692-ஆம் ஆண்டு ஆவணங்கள் அவரை ‘இந்தியப் பெண்’ என்கின்றன, அதாவது அமெரிக்கப் பழங்குடியினர். மில்லர் கறுப்பினப் பெண்ணாக எழுதினார். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் நடிகையின் முகத்தில் கருஞ்சாயம் பூசுவது அவமதிப்பு. பூசாதீர்கள்.

*நான்காம் அங்கத்தின் இரண்டாம் உடை*

வசந்தத்துக்கும் இலையுதிர்காலத்துக்கும் இடையே மாதங்கள் சிறையில் கழிந்திருக்கின்றன. ப்ராக்டர், எலிசபெத், ரெபெக்கா, டிட்யூபா நால்வருக்கும் அதே உடையின் இன்னொரு பிரதி தைத்து, அதைச் சாம்பல் நீரில் தோய்த்து, உப்புத்தாளால் தேய்த்து, ஓரங்களைக் கிழியுங்கள். வீட்டில் அவர்கள் உடுத்தியிருந்த நிறம் இப்போது செத்திருக்க வேண்டும். சாரா குட் இந்த அங்கத்தில்தான் வருகிறார். அவருக்கு ஒரே உடை போதும், அதுவும் இப்படியே நைந்தது. மறுபக்கம், மில்லர் குறிப்பின்படி டான்ஃபோர்த்தும் ஹாத்தோர்னும் குளிருக்குப் பெரிய மேலங்கியும் தொப்பியுமாக வருகிறார்கள். மேடையில் கறுப்பின் பரப்பு மிகப் பெரிதாகும் கணம் அது. அந்த மேலங்கிக்குப் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

இரண்டு விஷயம் அடிக்கடி விட்டுப்போகிறது. எலிசபெத் மூன்றாம் அங்கத்துக்கு முன்பே கருவுற்றிருக்கிறாள். இப்போது வயிறு தெரிய வேண்டும். மெல்லிய பஞ்சுத் திண்டு ஒன்றை உள்ளங்கியிலேயே தைத்துவிடுங்கள். ப்ராக்டர் தாடியோடு வருகிறார். மழித்த முகங்களுக்கு நடுவே அந்தத் தாடிதான் சிறையின் காலத்தைச் சொல்லும். மூன்றாம் அங்கம் முடியும்வரை அவர் மேடையில் இருக்கிறார் என்றாலும், நான்காம் அங்கத்தில் வெகுநேரம் கழித்தே நுழைகிறார். ஒட்டுத்தாடிக்கும் அழுக்குக்கும் அவகாசம் உண்டு. அவருக்கென்று ஒப்பனையாளர் ஒருவரை ஒதுக்கிவையுங்கள்.

படி 4: அரங்கம்

சேலத்தில் இன்றும் நிற்கும் ஜோனதன் கார்வின் வீடு, டான்வர்ஸ் ஊரில் ரெபெக்கா நர்ஸின் பண்ணை வீடு. இந்த இரண்டின் படங்களைப் பார்த்துவிட்டு வரையத் தொடங்குங்கள். அன்றைய சேலம் கிராமம்தான் இன்றைய டான்வர்ஸ். தடித்த ஓக் உத்தரங்கள், தாழ்ந்த கூரை, ஆள் குனிந்து நுழையும் அளவு கணப்பு, ஈயச் சட்டத்தில் சிறு சிறு கண்ணாடி பதித்த ஒடுங்கிய சாளரம்.

குடியேற்றம் அப்போது இரண்டு மூன்று தலைமுறைகளே கண்டது. மரம் இன்னும் பழுத்திருக்கவில்லை. சிலந்திவலையும் பாசியும் போட்டுப் பேய்வீடு ஆக்காதீர்கள். துப்புரவான, வெறுமையான, கடுமையான அறை.

ஒரே பின்சுவரை நான்கு அங்கங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். ரீப்பர் சட்டத்தில் பிளைவுட் அறைந்த ஆறு தட்டிகள், எட்டடி உயரம். பலகைகளின் அகலம் ஒன்றுபோல இருக்கக் கூடாது. ஆறு, ஒன்பது, பதினொரு அங்குலம் என்று மாற்றி வரையுங்கள். அடிவண்ணத்துக்கு மேல் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் நீளவாக்கில் இழுத்தால் மரரேகை வரும். தட்டிகளைக் கீல் போட்டு இணைத்துவிட்டால், முதல் அங்கத்தில் அகன்றிருக்கும் சுவர் ஒவ்வோர் அங்கத்திலும் ஓரடி உள்ளே மடியும். சிறைக்கு வரும்போது அறை நன்றாகக் குறுகியிருக்கும். மாறுபவை மூன்றே: சாளரத் தட்டி, படுக்கை அல்லது மேசை, கணப்பு.

கவனிக்க வேண்டிய இடங்கள் சில. மூன்றாம் அங்கத்தில் பெண்கள் உத்தரத்தில் பறவை இருப்பதாகக் கத்துகிறார்கள். அந்த உத்தரம் பின்சுவரில் இருந்தால் நடிகைகள் பார்வையாளருக்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கும். பறவையின் இடத்தைப் பார்வையாளர் தலைக்கு மேலே, ஏதாவது ஒரு விளக்குக் கம்பியில் குறித்துக்கொடுங்கள். எல்லாக் கண்களும் ஒரே புள்ளியில் நிலைக்கட்டும். நான்காம் அங்கத்தின் முடிவில் எலிசபெத் சாளரக் கம்பியைப் பற்றித் தொங்குகிறாள். சாளரம் உயரத்தில் தெரிய வேண்டும், அவள் கைக்கும் எட்ட வேண்டும். கீழே பெஞ்சைப் போடுங்கள். கம்பி பி.வி.சி. குழாயாக இருந்தால் வளைந்து மானத்தை வாங்கும். இரும்புக் கம்பியையே சட்டத்தில் பதித்து, தட்டியைப் பின்னால் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள்.

சிலுவை வேண்டாம். சுவரிலும் கூடாது, கழுத்திலும் கூடாது, பைபிள் அட்டையிலும் கூடாது. பியூரிட்டன்கள் சிலுவையையும் திருவுருவங்களையும் கத்தோலிக்கப் பழக்கம் என்று ஒதுக்கியவர்கள். அவர்களுடைய தொழுகைக் கூடம் வெறும் பலகைச் சுவரும் பிரசங்க மேடையும் பெஞ்சுகளும்தான். கிறிஸ்தவ நாடகம் என்றதும் சிலுவை மாட்டும் நம் மேடைப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

படி 5: கைப்பொருள்கள்

முதலில் பொம்மை, ஏனென்றால் எலிசபெத்தைச் சிறைக்கு அனுப்புவதே அதுதான். மேரி வாரன் நீதிமன்றத்தில் உட்கார்ந்தபடி தைத்துக் கொண்டுவரும் கந்தல் பொம்மை. பிரிட்ஜெட் பிஷப் வீட்டுச் சுவருக்குள் கந்தலும் பன்றி மயிரும் கொண்டு செய்த பொம்மைகள், தலையில்லாத ஊசிகள் செருகியபடி கிடைத்தன என்று 1692-இல் சாட்சி சொன்னார்கள். மேடைப் பொம்மை சாணளவு இருக்கட்டும். முகம் அழகாக வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். அக்கறையோடு ஒரு பணிப்பெண் தைத்ததாகத் தெரிந்தால் போதும். பாவாடைக்குள் கோணி ஊசி ஒன்று, முனையை அரத்தால் மழுக்கியது. கைது செய்ய வரும் சீவர் அதை உருவும்போது கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்பதால் தையலூசி உதவாது. இரண்டு பொம்மை செய்து வையுங்கள்.

அடுத்து காகிதங்கள். இந்த நாடகம் காகிதங்களால் ஆளைக் கொல்லும் நாடகம்: கைது ஆணை, 91 பேர் கையெழுத்திட்ட மனு, மேரியின் வாக்குமூலம், கடைசியில் ப்ராக்டரின் ஒப்புதல். இரண்டாம் அங்கத்தில் ப்ராக்டர் ஆணையைக் கிழிக்கிறார், நான்காம் அங்கத்தில் ஒப்புதலைக் கிழித்துக் கசக்குகிறார். ஆக, காட்சிக்கு இரண்டு தாள் போகும். ஒத்திகைகளையும் சேர்த்து முன்கூட்டியே கட்டாக எழுதிவையுங்கள். கைச்செய் காகிதம் பார்க்க நன்றாயிருக்கும், ஆனால் கிழியாமல் நடிகரோடு மல்லுக்கட்டும். மெல்லியதாகத் தேர்ந்து, மேலோரத்தில் நகக்கண் அளவு வெட்டு வையுங்கள். மை அந்தக் காலத்தில் மாசிக்காயும் அன்னபேதியும் கலந்து காய்ச்சியது. இரண்டும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும், ஆசைப்பட்டால் செய்யலாம். எழுத்து உண்மையாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்தே உயிராகும் காட்சியில் நடிகர் வெற்றுத்தாளைப் பார்த்துப் பேசக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹேலின் புத்தகங்கள் பார்த்தாலே கனக்க வேண்டும். பழைய கணக்குப் பேரேடுகளுக்குத் தோல் நிற ரெக்சின் ஒட்டுங்கள். ப்ராக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மரக்கிண்ணம், கரண்டி, கத்தி மட்டும். முள்கரண்டி அந்தப் பண்ணைவீட்டில் கிடையாது. எவர்சில்வர் தட்டைப் பயன்படுத்துவதானால் மங்கிய சாம்பல் வண்ணம் தெளித்து மினுக்கத்தைக் கொல்லுங்கள். முயல் குழம்புக்குப் பதில், பேசிக்கொண்டே விழுங்கக்கூடிய குழைந்த பருப்பு. துப்பாக்கி கட்டையில் செதுக்கியதே போதும். சங்கிலிக்கு நடிகர் மணிக்கட்டில் இலேசான அலுமினியம். இரண்டாம் அங்கத்தின் முடிவில் வெளியே கேட்கும் சத்தத்துக்குப் பக்கவாட்டில் ஒருவர் உண்மையான இரும்புச் சங்கிலியைக் குலுக்கட்டும்.

படி 6: ஒளி

முதல் அங்கத்துக்கு மில்லர் கொடுத்த ஒரு குறிப்பைப் பாருங்கள்: சாளரத்தில் வெயில் வந்துவிட்டது, படுக்கையருகே மெழுகுவத்தி இன்னும் எரிகிறது. தகப்பன் பாரிஸ் இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று இரண்டு ஒளிகள் சொல்லிவிடுகின்றன. ஒளியமைப்பாளர் கற்க வேண்டிய முதல் பாடம் இது. வெயிலை மட்டும் கொடுத்து மெழுகுவத்தியை மறந்தால் பாதிக் கதை போயிற்று.

மெழுகுவத்திச் சுடரின் நிறவெப்பம் ஏறத்தாழ 1900 கெல்வின், வழக்கமான டங்ஸ்டன் மேடை விளக்கு 3200. எனவே மெழுகுவத்தி விளக்கைவிட நன்றாகச் சிவந்திருக்க வேண்டும். மேடையில் நிஜச் சுடர் வேண்டாம். துணியும் பஞ்சும் பிளைவுட்டும் சூழ்ந்த இடம் அது. பாட்டரி எல்.இ.டி. மெழுகுவத்தியை வைத்து, அதன் மேல் ஒரு சிறு விளக்கை லீ 205 ஜெல் தாளோடு மங்கலாக விழவிட்டால், சுடரே அறையை ஒளிரச் செய்வதாகத் தோன்றும்.

பதினான்கு விளக்கு இருந்தால் நாடகம் முழுவதையும் நடத்தலாம். முன்புறம் 45 பாகையில் ஆறு, முகங்களுக்கு. இவை எப்போதும் பாதி வலுவுக்குக் கீழேயே எரியட்டும். பக்கவாட்டில் நான்கு. மீதி நான்கை ஒவ்வோர் அங்கத்தின் முதன்மை ஒளிக்கென்று ஒதுக்குங்கள். காலை வெயில் இடப்பக்கச் சாளரம் வழியே, லீ 103 வைக்கோல் நிறத்தில். இரண்டாம் அங்கத்தில் ஒளி இடப்பக்கக் கணப்பிலிருந்து, தரைமட்டத்தில் எழும். தீ என்றால் சிவப்பு என்று நினைக்காதீர்கள், அம்பர்தான், அதுவும் ஒழுங்கற்ற மெதுவான அசைவோடு. கீழிருந்து வரும் ஒளி முகத்தைக் கோரமாக்கும் என்பதால் எலிசபெத் மேல் பக்கவாட்டு ஒளியைச் சற்றுக் கூட்டுங்கள். அவள் வீடு அது, அவளைப் பேயாக்கக் கூடாது. மூன்றாம் அங்கத்தில் வெயில் பின்னுயரத்திலிருந்து இரண்டு பட்டைகளாக இறங்கும். டான்ஃபோர்த்தை அந்தப் பட்டைக்குள்ளேயே உட்கார வைத்தால், கறுப்பு உடையின் விளிம்பு கோடிட்டுத் தெரியும், முகம் நிழலில் இருக்கும்.

கறுப்புத் திரையின் முன் கறுப்பு உடையை நிறுத்துகிறவர்கள் இந்தப் பின்னொளியை விட்டுவிடவே கூடாது. இல்லையென்றால் நீதிபதிகள் மிதக்கும் முகங்களாகிவிடுவார்கள்.

நிலவுக்குக் கடும் நீலம் போடுவது நம் மேடைகளில் வழக்கம். மாநிற முகங்கள் அதில் சாம்பல் பூத்துப்போகும். லீ 202 போன்ற வெளிர்நீலத்தை எடுத்து, முன்னொளியில் மிகச் சிறிது வெதுவெதுப்பைக் கலந்துவிடுங்கள். விடியலை ஒரே மாற்றமாகச் செய்யாமல், ப்ராக்டரும் எலிசபெத்தும் தனியே பேசத் தொடங்கும்போதே ஆரம்பித்து, பார்வையாளர் கவனிக்க முடியாத வேகத்தில் கடைசிவரை ஏற்றுங்கள். பொழுது புலரப் புலரச் சாவு நெருங்குகிறது. டான்ஃபோர்த் சூரியனைப் பற்றிப் பேசும் இடங்களில் அது உண்மையாகவே ஒரு பங்கு ஏறியிருக்க வேண்டும். முடிவில் முரசு அதிரும்போது முழு வெயிலும் எலிசபெத்தின் முகத்தில் விழட்டும். பிற விளக்குகள் எல்லாம் இறங்கியிருக்கட்டும்.

படி 7: சேர்த்துப் பாருங்கள்

உடையை ஒளியில் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். துணி வாங்கும்போதே ஒரு முழம் வெட்டி, வைக்கோல் நிற விளக்கின் கீழும் வெளிர்நீல விளக்கின் கீழும் பிடித்துப் பாருங்கள். மங்கிய பச்சை நீலத்தில் செத்துவிடும், செம்பழுப்பு அம்பரில் தனித்துத் தெரியாது. நடிகர்களுக்கு இறுதி ஒத்திகைக்கு இரண்டு வாரம் முன்பே பாவாடையும் காலணியும் கொடுத்துவிடுங்கள். உட்காருவதும் மண்டியிடுவதும் மாடிப்படி ஏறுவதும் அந்த உடையில் வேறு மாதிரி நடக்கும். காலணிக்குத் தோல் அடி இருந்தால் பலகை மேடையில் எழும் சத்தமும் நாடகத்துக்குச் சொந்தமாகும்.

தொழில்நுட்ப ஒத்திகையை நான்காம் அங்கத்திலிருந்து தொடங்குங்கள். தாடி, வயிற்றுத் திண்டு, சங்கிலி, கிழியும் தாள், கம்பியின் உறுதி, விடியலின் வேகம் என்று சிக்கல்கள் எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கின்றன. முதல் அங்கத்திலிருந்து தொடங்கும் குழுக்கள் நான்காவதுக்கு வரும்போது நள்ளிரவாகிவிடும். களைத்த கைகள் எதையாவது விட்டுவிடும். கைப்பொருள் பொறுப்பாளரிடம் அங்கவாரியாகப் பட்டியல் ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு கிழிக்க வேண்டிய இரண்டு தாள்களும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்பதை அவரே போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும்.